டெக்னோபார்க்கில் இப்போது கம்பெனி தொடங்கினால் வரிவிலக்கா?
களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்துத் தம்பிமார் கவனத்துக்கு: திருவனந்தபுரம் கழக்கூட்டத்து ஐடி பூங்காவான டெக்னோபார்க்கில் புதிதாகக் கம்பெனி தொடங்கினால் 15 ஆண்டு வருமான வரி கிடையாது என்று ஒரு பதிவில் சொல்லியிருக்கிறார்கள். அது பழைய கதை.

அந்தச் சலுகை 1961 வருமான வரிச் சட்டத்தின் 10ஏஏ பிரிவில் வந்தது. சிறப்புப் பொருளாதார மண்டல யூனிட்டுகளுக்கு மட்டும், அதுவும் ஏற்றுமதி லாபத்துக்கு மட்டும். முதல் 5 ஆண்டு 100 சதவீத விலக்கு, அடுத்த 5 ஆண்டு 50. கடைசி 5 ஆண்டும் 50தான், அதற்கும் லாபத்தைத் தனி ரிசர்வில் ஒதுக்கி மறுமுதலீடு செய்ய வேண்டும். 2020 மார்ச் 31க்குள் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். கொரோனாவுக்காக அந்தக் கெடுவில் தந்த தளர்வும் அந்தத் தேதிக்குள் அனுமதிக் கடிதம் வாங்கியவர்களுக்கே.

பிரிவின் முதல் உட்பிரிவை நீங்களே படித்துப் பாருங்கள். '2021 ஏப்ரல் 1க்கு முன்' என்று அங்கே இருப்பது மதிப்பீட்டு ஆண்டு, அதாவது முந்தைய நிதியாண்டின் வருமானத்துக்கு வரி கணக்கிடும் ஆண்டு; வேலை தொடங்கும் தேதி அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான். இன்னொன்று, டெக்னோபார்க் முழுவதும் மண்டலம் அல்ல. இடம் பேசும்போது கட்டடம் மண்டலத்துக்குள்ளா வெளியேயா என்று எழுத்தில் கேளுங்கள். மண்டலத்துக்கு ஜிஎஸ்டி சலுகை உண்டு, ஆனால் அது வேறு கணக்கு.