மருந்து ஆய்வுப் புள்ளியியலாளர் வேலை எண்களைத் திருத்துவதா?

பெங்களூரு தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: மருந்து ஆய்வு முடிந்தபின் கம்பெனிக்குப் பிடித்த மாதிரி எண்களைத் திருத்துவதுதான் புள்ளியியலாளர் வேலையாம், அதற்கும் எம்பிபிஎஸ் வேண்டுமாம். இரண்டும் தவறு. எத்தனை நோயாளிகள் தேவை, குலுக்கல் முறையில் எப்படிப் பிரிப்பது, எதை முக்கிய முடிவாக அளப்பது என்பதையெல்லாம் முதல் நோயாளி சேரும் முன்பே அவர் கணக்கிட்டுத் தர வேண்டும். யாருக்கு எந்த மருந்து போனது என்ற ரகசியம் உடைவதற்குள் பகுப்பாய்வுத் திட்டத்தையும் முடித்துவிட வேண்டும், மருந்து ஆய்வுப் புள்ளியியலுக்கென 1998-இல் வந்த ஐசிஎச் இ9 என்ற சர்வதேச வழிகாட்டி சொல்வது இதைத்தான். இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல், மருந்து ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் ஆய்வைப் பதிவதும் கட்டாயம். பிள்ளைகளைப் பயமுறுத்தும் இந்தப் பொய்யைத் தயவுசெய்து பரப்பாதீர்கள். அப்புறம் படிப்பு: புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்து, எஸ்ஏஎஸ் (SAS) அல்லது ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றவர்கள் தாராளமாக இந்த வேலைக்கு வரலாம்.