டி2இல் எதுக்கு மாமா குதிரை?

போன லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். பத்து வயது. செஸ் போர்டை எடுத்து வைத்தோம். வெள்ளைக் காய் எனக்கு, வழக்கம்போல கிங்ஸ் இந்தியன் அட்டாக் என்ற ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை. அவன் கறுப்புக்கான பிரெஞ்சு டிஃபென்ஸ் ஓப்பனிங்கை ஆடினான். மூன்றாவது நகர்த்தலில் குதிரையை டி2 கட்டத்தில், என் ராணிக்கு நேர் முன்னால் வைத்தேன்.

"எதுக்கு மாமா அங்க வைக்கறீங்க? இப்பதான் டி3 தள்ளி பிஷப்புக்கு வழி விட்டீங்க, நீங்களே அடைச்சுட்டீங்களே?"

ஆறு வருஷமாக அந்தக் குதிரையை அங்கேதான் வைக்கிறேன். பதில் தெரியவில்லை. "தியரிடா" என்று சமாளித்தேன்.

ராத்திரி தனியாக உட்கார்ந்து, டி2க்குப் பதில் இன்னொரு குதிரையை எஃப்3இல் வைத்துப் பார்த்தேன். கறுப்புச் சிப்பாய் இ4இல் நிற்கும் என் சிப்பாயை வெட்டுகிறது, நான் டி3 சிப்பாயால் திருப்பி வெட்டுகிறேன், டி வரிசை திறந்துகொள்கிறது. கறுப்பு ராணி நேராக வந்து என் ராணியை வெட்ட, ராஜாவால்தான் அதை எடுக்க முடிகிறது. ராஜா நகர்ந்துவிட்டதால் கேஸ்லிங் (ராஜாவை ஒரே நகர்த்தலில் ஓரமாகப் பத்திரப்படுத்துவது) போச்சு. டி2 குதிரை இரண்டு ராணிகளுக்கும் நடுவே சுவராக நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம்!

இதற்கு முன்னால் சிசிலியன் நைடார்ஃப் என்ற ஓப்பனிங்கைப் பதினைந்து நகர்த்தல் வரை ஒப்பித்து வைத்திருந்தேன். எதிரே இருப்பவர் ஆறாவதிலேயே வேறு பக்கம் போய்விடுவார். இந்த அட்டாக்குக்கு மாறியதே அந்த வெறுப்பில்தான். எதிராளி என்ன ஆடினாலும் நம் காய்கள் கிட்டத்தட்ட ஒரே இடங்களில் வந்து உட்காரும். அதனாலேயே இது ஏமாற்றும். முன்பு பதினைந்து நகர்த்தலை மனப்பாடம் செய்தேன், இப்போது ஏழெட்டை. வேறென்ன மாறியது?

ஒருமுறை கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் இதற்குச் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிரெஞ்சுக்கு எதிராக நாம் இ5 தள்ளுவது, எஃப்6இல் ராஜாவுக்குக் காவல் நிற்கும் குதிரையை விரட்டத்தான். அப்புறம் அந்தச் சிப்பாய் பலகையின் நடுவே ஆப்பாக இறங்கிவிடும், நம் குதிரை எஃப்1, எச்2, ஜி4 என்று சுற்றிக்கொண்டு வந்து சேரும். அன்றைக்கு எதிராளி தன் சிப்பாயையே இ5இல் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அந்தச் சிப்பாயைக் குறிவைத்து ஆடியிருக்க வேண்டும். நானோ விடாமல் குதிரையை எச்2க்குக் கொண்டுபோனேன். அங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை. இருபத்தாறாவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இந்த ஓப்பனிங்கில் எல்லோரும் காட்டுவது 1967இல் துனீசியாவின் சூஸ் நகரில் மங்கோலியாவின் மியாக்மர்சுரேனை அமெரிக்காவின் பாபி ஃபிஷர் வீழ்த்திய ஆட்டம். (அந்தப் போட்டியிலிருந்தே அவர் பாதியில் விலகியது தனிக்கதை.) கடைசியில் எச்7இல் ராணியைப் பலி கொடுப்பதைப் பார்த்து வாய் பிளப்போம். எனக்கு இப்போது பிடித்தது பதின்மூன்றாவது நகர்த்தல். ராஜா பக்கம் தாக்குதல் சூடு பிடிக்கிற நேரத்தில், எதிர்ப்பக்க ஓரத்தில் சிப்பாயை ஏ3க்குத் தள்ளுகிறார். கறுப்புச் சிப்பாய் ஏ4 வரை வந்துவிட்டது, இன்னொரு அடி வைத்தால் தன் அரண் அந்தப் பக்கம் சரியும் என்று தெரிந்து நிறுத்துகிறார். பட்டியலை ஒப்பிக்கிறவன் அங்கே நிற்க மாட்டான். தொடக்க மனப்பாடத்தின் மேல் சலித்துப்போய், முதல் வரிசைக் காய்களைக் குலுக்கிப் போட்டு ஆடும் முறையை 1996இல் அறிவித்தவரும் இவர்தான். இத்தனைக்கும் தியரியை அவர் அளவுக்குக் கரைத்துக் குடித்தவர்கள் குறைவு.

நைடார்ஃப் மாதிரி கத்தி முனை ஓப்பனிங்குகளுக்கு மனப்பாடம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் இருபது நகர்த்தல் பிடிஎஃப்பைக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லும் கோச்சிங்கை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அவன் கேட்கும் "எதுக்கு" அங்கேதான் அடைபடுகிறது.

மறுநாள் காலை அவனைக் கூப்பிட்டு, டி வரிசையைத் திறந்து காட்டி, "இதுக்குத்தாண்டா" என்றேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான்.

"அப்ப குதிரைக்குப் பதிலா ராணியை இ2ல வெச்சாலும் ராணி போகாதுல்ல மாமா?"

அதையும் ஆடுகிறார்கள் என்று அப்புறம்தான் தேடித் தெரிந்துகொண்டேன்.