டிரிப்பிள் நெகட்டிவ் மட்டும் காரணம் இல்லை அண்ணை

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் மார்புப் புற்றுநோயால் கூடுதலாகச் சாவது டிரிப்பிள் நெகட்டிவ் கட்டியால்தான் (இரண்டு ஹோர்மோன் ஏற்பிகளும் இல்லாத, ஹெர்2 என்ற புரதமும் மிகுந்திராத வகை), ரத்தத்தில் உள்ளது, ஒன்றும் செய்ய ஏலாது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. அந்த வகை அவர்களுக்கு வெள்ளையினப் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது, உண்மை. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024இல் வந்த கணக்கில், நான்கு வகைக் கட்டியிலுமே அவர்களின் இறப்பு அபாயம் கூடத்தான் இருந்தது: டிரிப்பிள் நெகட்டிவில் 17 வீதம், மருந்துக்கு நன்றாகக் கேட்கிற ஹோர்மோன் பொசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் வகையிலோ 50 வீதம். கட்டியின் வகைதான் எல்லாமென்றால் ஒரே வகைக்குள் ஏன் இந்த இடைவெளி?

ஹோர்மோன் பொசிட்டிவ் வகைக்குத் தமொக்சிபென் போன்ற ஹோர்மோன் தடுப்புக் குளிசையை 5 வருடமாவது தினமும் போடவேண்டும். காப்புறுதி, செலவு, பிந்தித் தொடங்கும் சிகிச்சை எல்லாம் அங்கேதான் இடிக்கும். முல்லைத்தீவிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறித் தெல்லிப்பழைப் புற்றுநோய்க் கிளினிக்குக்குப் போய்வரும், அன்றைய கூலியையும் இழக்கும் எங்கள் பெண்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறகு, "எங்கட ஆக்களுக்கு இது குறைவு" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோயே இதுதான். அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பை இலவசமாகவே சோதித்துப் பார்க்கிறார்கள்.