பூச்சைக்கு உடையவர் யார்?

கடந்த சனிக்கிழமை விடியற்காலை, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா தலைச்சுமையை இறக்கி வைக்காமலேயே என் வீட்டுக் கதவைத் தட்டினார். "மக்ளே, அந்த மஞ்சப் பூச்சை வாயில தூண்டி முள்ளு குத்திக் கெடக்குது, வந்து பாரு" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சில் பூச்சை என்றால் பூனை. குளச்சல் கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வள்ளத்துக்கு அடியில் அது ஒடுங்கிக் கிடந்தது. கீழுதட்டுக்குள் நுழைந்த முள் தாடைக்கு வெளியே நுனி காட்டி நின்றது. அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தங்கூசி என்ற தூண்டில் நைலான் இழை தொங்கியது. பூனை வலியை வெளியில் காட்டாத பிராணி என்பதால் அது கத்தவில்லை. எச்சில் மட்டும் நூல்போல ஒழுகிக்கொண்டிருந்தது. துணியைப் போட்டு மூடி, இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டி ஆட்டோவில் ஏற்றுவதற்குள், என் வலது கட்டைவிரலை அது நன்றாகவே கடித்துவிட்டது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபம் முழுவதும் அதற்குப் பிறகு நடந்தவற்றின் மேல்தான்.

முதலில் போனது ஓர் அரசு கால்நடை மருந்தகம். மருத்துவர் கோமாரி தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். உதவியாளர் பதிவேட்டைத் திறந்து, கூடையைப் பார்த்து, "பூச்சைக்கா வந்தீங்க?" என்று கேட்டார். அடுத்த கேள்வி, "உடையவங்க யாரு சாரே?" என்பது. தெருப்பூனை என்றேன். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் இல்லாமல் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போக அவருக்கு வழியில்லை. என் பெயரைச் சொன்னேன். அடுத்த கட்டத்தில் மாடு, எருமை, ஆடு, கோழி என்று வரிசையாக இருந்தவற்றையெல்லாம் விரலால் கடந்து கடைசியில் "மற்றவை" என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். ஓர் உயிரின் கதை அவ்வளவுதான்.

மருத்துவர் பதினொன்றரை மணிக்கு, சட்டை முழுவதும் சாணிக் கறையோடு வந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பல ஊர்களுக்கும் சேர்த்து ஒரே ஆளாக, காலையில் செயற்கைக் கருவூட்டல், பிறகு தடுப்பூசி, மாலையில் கணக்கு எழுதுதல் என்று ஓடுகிற மனிதர் அவர். கூடையைத் திறக்காமலேயே நிலைமையைச் சரியாகச் சொன்னார். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் கொக்கி இருப்பதால் இழுத்து எடுக்க முடியாது, முன்னால் தள்ளி நுனியை நறுக்கித்தான் எடுக்க வேண்டும், அதற்குப் பூனையை மயக்க வேண்டும், அந்த வசதி இங்கே இல்லை என்றார். அலமாரியில் இருந்த ஊசிகளைக் காட்டினார். எல்லாம் மாட்டின் கழுத்துத் தோலைத் துளைக்கச் செய்தவை. மூன்று கிலோ பூனையின் முன்னங்காலில் நூல்போல ஓடும் நரம்பில் அதை எப்படி ஏற்றுவது? நாகர்கோவிலுக்குக் கொண்டு போங்கள் என்றார். நான் கேட்பது இதுதான்: பால் கறக்கிற, முட்டை இடுகிற, கறிக்கு ஆகிற பிராணிக்கு மட்டும்தான் அரசு மருத்துவம் என்றால், அதை வாசற்பலகையிலேயே எழுதி வைத்துவிட வேண்டியதுதானே?

நாகர்கோவிலில் முதலில் ஏறி இறங்கிய தனியார் கிளினிக்கில், தெருப்பூனைகளைப் பார்ப்பதில்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தடுப்பூசி போடாத பூனையிடமிருந்து மற்ற பூனைகளுக்கு நோய் தொற்றும் என்பது காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை; பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸ் நோய் குட்டிகளைக் கூண்டோடு கொண்டுபோகக்கூடியது, அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் ஒரு தனி மேசையும் ஒரு வாளி பிளீச்சிங் பவுடர் கரைசலும் போதும் என்ற இடத்தில் கதவைச் சாத்துவது மருத்துவமா? இரண்டாவது கிளினிக் மாலை 5 மணிக்குத்தான் திறந்தது. அங்கிருந்த இளம் மருத்துவர், மயக்க ஊசி போட்டு, நுனியை நறுக்கி, முள்ளை உருவி எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணி வரை நானும் அந்தப் பூனையும் ஆட்டோவிலும் மரத்தடியிலும் காத்துக் கிடந்தது அந்தப் பத்து நிமிடத்துக்காக. ஆட்டோவுக்கும் சிகிச்சைக்குமாக 3,700 ரூபாய் செலவு. பணத்தைப் பற்றிப் புலம்ப வரவில்லை. அந்த அக்கா தனியாக இருந்திருந்தால் ஒரு நாள் மீன் விற்ற காசில் இதை எப்படிச் செய்திருப்பார் என்றுதான் கேட்கிறேன்.

கைக்கெட்டும் தூரத்தில் மருத்துவம் இல்லாத இடத்தில் கைவைத்தியம் நுழைந்துவிடுகிறது; அதுதான் கொல்கிறது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குட்டி ஒன்று காய்ச்சலில் சுருண்டு கிடந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், பக்கத்து வீட்டு அக்கா பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டார். மதியத்துக்குள் அதன் முகம் வீங்கியது, ஈறு இளஞ்சிவப்பு மாறிப் புளிக்கரைசல் நிறத்துக்கு வந்தது, இரவில் செத்துப்போயிற்று. பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறித்து வெளியேற்ற முடியாது என்பதும், நமக்குக் காய்ச்சல் தணிக்கும் மாத்திரை அதன் ரத்தத்தைக் கெடுத்துவிடும் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? புழு வைத்த புண்ணில் கற்பூரம் குழைத்த தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லும் அண்ணாச்சிக்கும், அதைப் பூனை நக்கி விழுங்கும் என்பதும், கற்பூரமும் அதற்கு நஞ்சு என்பதும் தெரியாது. டெட்டால் ஊற்றிக் கழுவுகிறவர்கள் கதையும் அதேதான். எல்லோரும் இரக்கத்தில்தான் செய்கிறார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் கோமாரிக்கு மட்டுமே ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகிறார்கள்.

2019இல் நடந்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் தெருநாயையும் தெருமாட்டையும் எண்ணினார்கள். தெருப்பூனைக்கு அதிலும் ஒரு கட்டம் கிடையாது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமோ, துன்பம் வராமல் பார்த்துக்கொள்ளும் கடமையை அந்தப் பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர்மேல் சுமத்துகிறது. அப்படியானால் யார் பொறுப்பிலும் இல்லாத உயிருக்கு யார்? சோறு வைக்கிறவன்தான் என்கிறது ஊர். "நீங்க சோறு வெச்சுத்தான இத்தனையும் பெருகுது" என்று என்னிடம் சொன்னவர், போன மாதம் சாக்கில் கட்டி நான்கு குட்டிகளை மீன் ஏலக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போனவர் என்பதை நான் மறக்கவில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை வரும்போது, ஏலக்கூடத்துக் கழிவும் குறைந்து, இவை எலும்பும் தோலுமாக அலைவதை அவர் வந்து பார்க்கட்டும்.

பெருகுவதைத் தடுக்கும் வழி கேட்டு அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். கருத்தடைத் திட்டம் நாய்க்குத்தான், பூனைக்கு இல்லை என்றார்கள். பூனை நான்கைந்து மாதத்திலேயே சினை பிடித்துவிடும், இரண்டே மாதத்தில் குட்டி போடும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினைக்கும் தயாராகிவிடும் என்றெல்லாம் சொன்னேன். "மனு எழுதிக் கொடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றிரவே ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அன்றே இலவசமாகப் போட்டார்கள். 3, 7, 28ஆம் நாள்களில் திரும்ப வரச் சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கடித்த பூனைக்கு உடையவர் யார் என்று அங்கே ஒருவரும் என்னைத் தடுத்து நிறுத்தவில்லை. கடிபட்டவனுக்கு நான்கு தவணை ஊசியை ஓடோடி வந்து போடும் அதே அரசுதான், கடிக்கிற பூனைக்கு முன்கூட்டியே ஓர் ஊசி போடக் கட்டம் இல்லை என்கிறது.

முள்ளை எடுத்த மருத்துவர், மயக்கத்தில் கிடந்த மஞ்சளின் வயிற்றைத் தடவிப் பார்த்து, இன்னும் ஒரு மாதத்தில் குட்டி போடும் என்றார். என்னுடைய கடைசி ஊசியும் ஏறத்தாழ அதே வாரத்தில்தான்.