கன்று ஏறி வர முடியாத குளம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் குளத்தில் கன்று விழுந்த காணொளியை நீங்கள் அனைவரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. கயிறு கட்டி இழுத்த இளைஞர்களைப் பாராட்டியாயிற்று; மாட்டுக்காரரைத் திட்டியாயிற்று; கால்நடைகளைத் தெருவில் விடுவோருக்கு அபராதம் போட வேண்டும் என்று ஆளுக்கு ஆள் எழுதியும் ஆயிற்று. ஆனால், முக்கால் மணி நேரம் குளத்தைச் சுற்றிச் சுற்றி நீந்திய அந்தக் கன்று ஏன் தானாகக் கரையேறவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கரை இருந்தால்தானே ஏறும்? நாடா வெட்டி, வண்ண விளக்கு எரியவிட்டு, நமக்குத் திறந்து கொடுக்கப்பட்ட அந்த 'அழகுபடுத்தப்பட்ட' குளத்தின் நான்கு பக்கமும் செங்குத்தான கான்கிரீட் சுவர் நிற்கிறது. சுவரின் மேல் கிரானைட் பட்டை, அதன்மேல் எஃகுக் கம்பித் தடுப்பு, அதையொட்டிப் பேவர் பிளாக் பதித்த நடைபாதை, வடகிழக்கு மூலையில் ஊர்ப்பெயருக்கு முன்னால் சிவப்பு இதயம் பொறித்த செல்ஃபி பலகை. பழைய படித்துறையை இடித்துவிட்டார்கள். பராமரிப்புக்காக வைத்த கம்பிக்கதவு அன்று திறந்து கிடந்திருக்கிறது. பழைய பழக்கத்தில் தண்ணீர் குடிக்க வந்த தாய்ப்பசு விளிம்பைக் கண்டு நின்றுவிட்டது, கன்று நிற்கவில்லை. இதில் மாட்டுக்காரர் செய்த குற்றம் என்னவென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் முப்பத்தோர் ஆண்டுகள் கட்டட வரைவாளனாகப் பிழைத்தவன். சுவர் வரைவது எவ்வளவு எளிது என்பது எனக்குத் தெரியும். அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்தால் சுவர் வந்துவிடும். அறையை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். சரிவு வரைய வேண்டுமென்றால், அங்குள்ள மண் எத்தகையது, ஐப்பசி மழையில் தண்ணீர் எதுவரை ஏறும், சித்திரையில் எங்கே சுருங்கி நிற்கும், எந்தப் பக்கம் மாடு இறங்கும், எந்தப் பக்கம் துணி துவைப்பார்கள் என்றெல்லாம் நேரில் போய் நின்று பார்த்தாக வேண்டும். எங்கள் குளத்துக்கு வரைபடம் போட்டவர் அதன் கரையில் ஒரு மாலைப்பொழுதாவது நின்றிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நான் பென்சிலில் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து எடுத்துப் போனேன். மூன்றடி தள்ளிப் போனால் ஓரடி இறங்கும், இரண்டு பக்கம் இன்னும் நிதானமாக ஐந்தடிக்கு ஓரடி இறங்கும். வாங்கிக்கொண்டார்கள். தேநீர்க் கோப்பைகளை அதன்மேல்தான் வைத்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

சரிவில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். சரிவான கரையில் கணுக்கால் ஆழம், முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம் என்று தண்ணீர் படிப்படியாகத்தான் ஆழமாகிறது. கணுக்கால் ஆழத்தில் உள்ளானும் மடையானும் இரை தேடும். முழங்கால் ஆழத்தில் கோரையும் சம்பும் வேர் பிடிக்கும். அதற்கு அப்பால் ஆம்பல். ஆமை மேலேறி வந்து கரை மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடும். சுவர் எழுப்பிய குளத்தில் இந்த முதல் இரண்டு ஆழங்களும் கிடையாது. விளிம்பிலிருந்தே ஆழம் தொடங்குவதால் குட்டைக்கால் பறவைக்கு நிற்க இடமில்லை, கோரைக்குப் பிடிமானம் இல்லை, ஆமைக்கு வழியில்லை. நடுவில் ஒரு செயற்கை நீரூற்று வைத்திருக்கிறார்கள். அதைப் பறவைகள் பெரிதாகப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

சுவர் வேண்டாம், சரிவு வேண்டும் என்று நான் சொல்லிவருவதற்கு மறுப்பாக, 'கரையில் புல் பூண்டு விட்டால் கொசு வரும்' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஐயா, தட்டான் தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. அதன் இளம்புழு தண்ணீருக்குள்ளேயே கொசுப்புழுக்களைத் தின்று வளர்ந்து, பருவம் வந்ததும் கோரைத் தண்டைப் பற்றி மேலேறி, முதுகு வெடித்து, பழைய தோலை அப்படியே கழற்றி வைத்துவிட்டுப் பறந்து போகிறது. ஆறாம் வகுப்பு படிக்கும்போது, கோரையில் ஒட்டியிருக்கும் அந்தத் தோல்களை, கால் நகம்கூடக் கெடாமல் பிய்த்தெடுத்துத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். அது என்னவென்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. ஈரம் காயாத இறக்கையோடு ஒரு தட்டான் தன் தோலின்மேலேயே உட்கார்ந்திருந்ததை ஒருநாள் காலையில் பார்த்தபோது நானாகப் புரிந்துகொண்டேன். கோரையை அழித்துவிட்டுக் கொசுப்புகை அடிக்கும் வண்டியை வரவழைக்கும் நம் அறிவைப் பற்றி மேற்கொண்டு எழுத எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்த எதிர்ப்பு, குழந்தைகள் விழுந்துவிடும் என்பது. இதை நான் அலட்சியம் செய்யவில்லை. எனக்கும் பேத்தி இருக்கிறாள். அதனால்தான் கேட்கிறேன், தவறி விழும் குழந்தைக்கு எது பாதுகாப்பு? நாலெட்டில் எழுந்து நின்றுகொள்ளக்கூடிய சரிவா, பிடித்து ஏற ஒரு விரிசல்கூட இல்லாத சுவரா? கன்றுக்கு நேர்ந்தது குழந்தைக்கு நேராது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தபோது பீஷான் அங் மோ கியோ பூங்காவுக்கு அழைத்துப் போனாள். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிக்கொண்டிருந்த கான்கிரீட் கால்வாயை உடைத்தெறிந்து, சுமார் 3 கிலோமீட்டருக்கு வளைந்து ஓடும் காலாங் ஆறாக மாற்றி, 2012-இல் மக்களுக்குத் திறந்தார்கள். கரை முழுவதும் புல்லும் செடியும் கல்லும் கொண்டு கட்டிய சரிவுதான். மழை வலுத்தால் ஆறு பூங்காவின் புல்வெளிக்குள் பரவி ஓடும். நீர்மட்டம் உயர்வதை உணர்கருவிகள் கண்டறிந்ததும் எச்சரிக்கை ஒலியும் விளக்கும் வரும். சரிவு நிதானமானது என்பதால் நிற்பவர்கள் நடந்தே மேலேறிவிடலாம். உடைத்த கான்கிரீட்டைக்கூட வீணாக்காமல் அங்கேயே ஒரு மேடாக்கி வைத்திருக்கிறார்கள். முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, சிறுவர்கள் கைவலையோடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். மழை பெய்யாத நாடென்றோ, குழந்தைகளின் உயிருக்கு மதிப்பில்லாத நாடென்றோ சிங்கப்பூரை யாரும் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

உடனே, 'சிங்கப்பூரைக் காட்டாதீர்கள், அங்கே பணம் இருக்கிறது' என்பீர்கள். மண்ணைச் சரித்து வெட்டிவேரும் நாணலும் நொச்சியும் நடுவதற்கா, ஏழடிச் சுவரும் கிரானைட்டும் எஃகும் வாங்குவதற்கா, எதற்குப் பணம் அதிகம் வேண்டும்? இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அடையாற்றின் கழிமுகத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் நிலத்தை, அந்தக் கரைக்கே உரிய செடிகொடிகளை நட்டு மீட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். பறவைகள் திரும்பி வந்தன. நல்ல வேலை என்று மனதாரச் சொல்வேன். ஆனால் முன்அனுமதி இல்லாமல் பொதுமக்கள் அதற்குள் நினைத்த நேரத்தில் நடந்து போக முடியாது என்ற நிலை ஆண்டுக்கணக்கில் இருந்தது. அங்கே இயற்கை இருந்தது, மனிதர் வெளியே நின்றார்கள். இங்கே மனிதர் காலையும் மாலையும் வட்டமடிக்கிறார்கள், இயற்கை வெளியேறிவிட்டது. இரண்டையும் ஒரே இடத்தில் வைப்பது கரையால்தான் முடியும், அந்தக் கரையைத்தான் நாம் இடித்தோம் என்று நான் சொன்னால், 'இவர் எதையும் எதிர்ப்பவர்' என்கிறீர்கள்.

அப்படி எழுதியவர் என்னோடு பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். திறப்பு விழாப் படத்தை எனக்கு அனுப்பி, 'இப்போது சந்தோஷமா?' என்று கேட்டு, சிரிக்கும் பொம்மை ஒன்றையும் சேர்த்திருந்தார். அவருக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, வாழைத்தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும் நீந்தக் கற்றது இந்தக் குளத்தின் மேற்குச் சரிவில்தான். என் அப்பாயி கடைசி நான்கு ஆண்டுகள் முழங்கால் மடக்க முடியாமல் இருந்தார். ஆனாலும் மாலையில் அந்தச் சரிவில் உட்கார்ந்து பாதத்தைத் தண்ணீரில் வைத்துக்கொள்வார். கெண்டைக்குஞ்சுகள் வந்து கொத்தும்போது சிறுமியைப்போலச் சிரிப்பார். என் பேத்திக்கு அந்தத் தண்ணீரைத் தொட்டுக்காட்ட நான் ஆசைப்பட்டது வளர்ச்சிக்கு எதிரான செயல் என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போய்விட்டது.

ஒரு கேள்வி மட்டும் என்னை உண்மையிலேயே சுட்டது. 'ஐயா, உங்கள் அப்பாயி உட்கார்ந்த அதே சரிவில் எங்கள் அப்பாயி உட்கார்ந்திருக்க முடியுமா?' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். முடியாது. எங்கள் குளத்துக்கு எந்தத் தெரு வரலாம், எந்தத் தெரு வரக்கூடாது என்ற கணக்கு இருந்தது. என் சிறுவயதில் அது எனக்கு உறைக்கவில்லை என்பது எனக்குப் பெருமை தரும் செய்தியன்று. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகத் என்ற ஊரில் சவ்தார் குளத்துக்குள் இறங்கி அண்ணல் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்ததே, குளத்து நீரைத் தொடுவது எல்லோருக்கும் உள்ள உரிமை என்று நிலைநாட்டத்தான். அப்படிப் போராடி வென்ற உரிமையை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே கம்பித்தடுப்பால் மூடிவிட்டு, இதைச் சமத்துவம் என்று நாம் கொண்டாடுகிறோமோ என்று அவருக்குப் பதில் எழுதினேன். அது முழுமையான பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆக்கிரமிப்பைத் தடுக்கச் சுவர் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. தெற்குப் பக்கம் நான்கு கடைகள் எப்படி வந்தன என்பது ஊருக்கே தெரியும். எல்லையில் வேலி போடுங்கள், கல் நடுங்கள், பனை வையுங்கள். தண்ணீருக்கும் நமக்கும் நடுவில் ஏன் போடுகிறீர்கள்? தண்ணீரை யாரும் பட்டா போடப் போவதில்லையே!

ஆம், நானும் அந்த நடைபாதையில்தான் தினமும் நடக்கிறேன். சர்க்கரை நோய் இருக்கிறது, வேறு இடமில்லை. இதைக் கண்டுபிடித்து அம்பலப்படுத்திய அன்பருக்கு நன்றி. பாதை நன்றாகத்தான் இருக்கிறது. பாதை போட்டதை நான் எப்போதும் குறை சொன்னதில்லை. நடக்கும்போது மிஞ்சியிருக்கும் ஒரே பூவரசின் அடிமரம்வரை நெருக்கிப் பதித்திருக்கும் பேவர் பிளாக்கையும் பார்க்கிறேன். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013-இலேயே உத்தரவிட்டது. எங்கள் பூவரசுக்கு ஒரு சாண்கூடக் கிடைக்கவில்லை.

நேற்றுக் காலையில் கன்று விழுந்த இடத்தில் குனிந்து பார்த்தேன். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, புதுச் சிமெண்டுப் பூச்சில், குளம்பு வழுக்கிய கீறல்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன. ஒரே இடத்தில் பதினைந்து, இருபது இருக்கும். பூசி மறைப்பதற்கு ஆள் வரப்போவதாக வாட்ச்மேன் சொன்னார்.

இரண்டாம் கட்டமாகப் பின்தெருக் குட்டையை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். அளவு பார்த்துச் சுண்ணாம்பு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என் பென்சில் படத்தை இந்த முறை பெரிய தாளில் வரைந்துகொண்டிருக்கிறேன். பசுவும் கன்றும் இப்போது அந்தக் குட்டையில்தான் இறங்கித் தண்ணீர் குடிக்கின்றன.