ஒரு நூல் நேரம்

தையல், சமையல், தோட்டம் மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு கால அட்டவணையை எதிர்பார்க்கிறார்கள். காலை ஒரு மணி நேரம் செடிக்கு, பகலில் அடுப்புக்கு, மாலையில் ஊசிக்கு என்று நான் பிரித்துச் சொன்னால் திருப்தியாகப் போவார்கள். அப்படி ஒரு அட்டவணையை நானும் பல வருடம் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருந்தேன். ஒரு வாரம்கூட அது உருப்படியாக நடந்ததில்லை. நேரத்தைச் சமமாகப் பங்கிடுவது என்ற எண்ணமே தவறு என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். இந்த மூன்று வேலைகளும் காத்திருக்கும் விதம் வேறு வேறு.

தோட்டம் காத்திருக்காது. இன்று பறிக்கவேண்டிய பீன்ஸை நாலு நாள் கொடியில் விட்டால் உள்ளே விதை தடித்து, தோல் நாராகிவிடும். அதோடு போகாது. விதை முற்றத் தொடங்கிவிட்டால் கொடியும் புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். சின்னச் சிவப்பு முள்ளங்கி ஏறக்குறைய 30 நாளில் தயாராகிவிடும், அதை மறந்து மண்ணிலேயே விட்டால் உள்ளே சக்கையாகிவிடும். துளசிவகைச் செடியைக் கணுவுக்கு மேலே கிள்ளிவிட்டால் இரண்டு கிளை பிரியும், கிள்ளாவிட்டால் நெடுநெடுவென்று வளர்ந்து பூத்து ஓய்ந்துவிடும். இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் தேவையில்லை. ஆனால் தினமும் போய்ப் பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் குனிந்து வேலை செய்வதைவிட, தினமும் காலையில் பத்து நிமிடம் ஒவ்வொரு தொட்டியாக நின்று பார்த்துவிட்டு வருவது செடிக்கு அதிகம் உதவும்.

அடுப்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அறைச் சூட்டில் ஒன்றரை மணி நேரத்தில் பொங்கிவிடும் ரொட்டி மாவை, ஈஸ்ட்டைக் குறைத்துப் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரவு முழுவதும் மெதுவாகப் பொங்கும். ருசியும் கூடும். பயறு, மொச்சை வகைகளை இரவே ஊறப்போட்டுவிட்டால் மறுநாள் பாதி வேலை முடிந்த மாதிரிதான். ஆனால் எல்லா இடத்திலும் சமையல் வளைந்துகொடுக்காது. சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்தே தீரவேண்டும். வேகாத ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டிப்போடும் நச்சு இருக்கிறது, சிறுதீயில் மெல்ல வேகவைத்தால் அது போகாது. அந்தப் பத்து நிமிடம் நான் அடுப்பை விட்டு நகர்வதில்லை. நேரம் மிச்சம் பிடிக்கவேண்டிய இடமும் கூடாத இடமும் சமையலில் தெளிவாகத் தெரியும், அதனால்தான் மூன்றில் அதுவே எனக்கு எளிதாகப்படுகிறது.

ஊசிதான் பிரச்சினை. அது எத்தனை நாளானாலும் காத்திருக்கும். வாடாது, தீயாது, பொங்கி வழியாது. அதனாலேயே ஒவ்வொரு நாளும் அதுதான் கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

ஒருமுறை ஒரு மேசை விரிப்பில் இலைக்கொத்து ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். காய்கள் மொத்தமாக வந்த பருவம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, எட்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தேன். துணியை விறைப்பாக மாட்டித் தைக்கும் வளையம் இறுக்கிப் பிடித்திருந்த இடத்தில் துணியில் வட்டமாக ஒரு பழுப்புத் தடம். பாதி இலையில் குத்தி விட்டிருந்த ஊசி, துருவை ஒரு கடுகளவு புள்ளியாக விட்டிருந்தது. எத்தனை முறை துவைத்தும் அந்தப் புள்ளி போகவில்லை. வாடிய செடிக்காக நான் அவ்வளவு வருந்தியதில்லை.

அன்றிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன். எது பொறுமையாகக் காத்திருக்கிறதோ அதற்கு முதல் இடம். காலை வெளிச்சம் வந்ததும் முதலில் ஊசி, பிறகுதான் செடி, அதன்பின் அடுப்பு. மணிக்கணக்கில் இல்லை. என் கணக்கு நூல் கணக்கு. எம்பிராய்டரி நூலை விரல் நுனியிலிருந்து முழங்கைவரை, ஏறக்குறைய 45 சென்டிமீட்டர், வெட்டிக்கொள்கிறேன். அதைவிட நீளமாக எடுத்தால் துணிக்குள் போய்ப்போய் வந்து பிசிர் எழும், முடிச்சு விழும். நூலில் ஆறு இழை இருக்கும். அவற்றைக் கொத்தாகப் பிரிக்காமல் ஒவ்வொன்றாக நேராக மேலே உருவி, இரண்டை மறுபடி சேர்த்துக் கோத்தால் தையல் தட்டையாக, பளபளப்பாக உட்காரும். அந்த ஒரு நூல் தீர எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. தீர்ந்ததும் பின்பக்கம் இழைக்குள் செருகி முடித்து, ஊசியைப் பெட்டியில் வைத்து, வளையத்தையும் கழற்றிவிடுகிறேன். பாதியில் விட்டோமே என்ற உறுத்தல் இல்லை. இன்னும் நேரம் இருந்தால் இன்னொரு நூல்.

காலையில் முதலில் ஊசி என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மண்ணில் கைவைத்தபின் விரல் நுனி சொரசொரப்பாகிவிடும். அந்த விரலால் பட்டு நூலைத் தொட்டால் ஒவ்வொரு இழையும் தோலில் சிக்கி இழுபடும். சர்க்கரையில் சில சொட்டு எண்ணெய் விட்டு இரண்டு கைகளையும் தேய்த்துக் கழுவினால் சரியாகும் என்பது தைப்பவர்கள் பலருக்கும் தெரிந்த வழி. நானும் செய்கிறேன். ஆனாலும் தேய்க்கத் தேவையில்லாத கைதான் சுத்தமான கை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தைப்பதையும் நிறுத்திவிட்டேன். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்ற பெருமை மட்டுமே அதில் மிச்சம், துணியில் எண்ணெய், பாத்திரத்தில் அடிப்பிடிப்பு.

நெருங்கிய உறவினர் ஒருவர் ஒருநாள் கேட்டார்: “சமைத்தால் சாப்பிடலாம், செடி காய்த்தால் பறிக்கலாம். இந்தப் பூவைத் தைத்து என்ன ஆகப்போகிறது?” அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் பல நாள் கிடந்தது. சமைத்தது இரவுக்குள் தீர்ந்துவிடும். தோட்டம் பருவம் மாறினால் வெறும் மண்ணாகிவிடும். என் கையால் செய்ததில் அடுத்த வருடமும் அப்படியே இருக்கப்போவது இந்தத் துணி மட்டும்தான். அதைக் கடைசியாக வைக்க எனக்கு மனமில்லை.

மூன்றும் தானாகவே ஒன்றுகூடும் இடமும் உண்டு. சமையலில் சேரும் வெங்காயச் சருகுகளை ஒரு காகிதப் பையில் சேர்த்துவைக்கிறேன். கம்பளி நூலின் எடை அளவுக்குச் சருகு சேர மாதக்கணக்காகும். படிகாரக் கரைசலில் முன்பே மெல்லச் சூடாக்கி எடுத்த நூலை, அந்தச் சருகைக் காய்ச்சிய சாற்றில் போட்டால், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு நிறம் ஏறும். கடை நூலில் அந்த நிறத்தை நான் பார்த்ததில்லை. பருத்தி நூலில் சாயம் இதே அளவுக்குப் பிடிக்காது. பீட்ரூட்டை நம்பவேண்டாம், அழகாக ஏறிச் சீக்கிரமே வெளுத்துவிடும். சாயம் காய்ச்சும் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது, அதைத் தனியாக வையுங்கள். சாறு இறுத்தபின் மிஞ்சும் சருகு மட்குக் குழிக்குப் போகிறது. கத்தரித்த பருத்தி நூல் துண்டுகளும் அங்கேதான். பாலியஸ்டர் நூல் மட்டும் மட்காது, அதைப் பொறுக்கி எடுத்துவிடவேண்டும்.

இதற்காகச் சிலவற்றை விட்டிருக்கிறேன். தொட்டிகளில் பாதியைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். வாரத்தில் இரண்டு நாள் முதல்நாள் சமைத்ததையே சூடாக்கிச் சாப்பிடுகிறோம். வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை, சொன்னாலும் மாற்றுவதாக இல்லை.

ராஜ்மா ஊறிக்கொண்டிருக்கிறது. துருப் புள்ளி விழுந்த அந்த விரிப்பைத்தான் மறுபடி வளையத்தில் மாட்டப்போகிறேன். புள்ளிக்கு மேலேயே ஒரு மொட்டு வருகிற மாதிரிப் பென்சிலால் வரைந்து வைத்தாயிற்று. தக்காளி நாற்றுகளில் விதையிலைகளுக்கு மேலே இரண்டு ஜோடி இலை வந்துவிட்டதால், நாளைக் காலை அவற்றைத் தனித்தனித் தொட்டிக்கு மாற்றவேண்டும். அதற்கு முன், கை மண்ணாவதற்குள், அந்த மொட்டுக்கு ஒரு நூல்.