பெயர் சால்மனுக்கு, உண்ணி பொறுக்கியது கில்போர்ன்

சால்மோனெல்லா என்ற குடல்நோய்க் கிருமிக்கும் சால்மன் மீனுக்கும் சம்பந்தமே இல்லை. அது டேனியல் எல்மர் சால்மன் என்ற கால்நடை மருத்துவரின் பெயர். நியூஜெர்சியில் மவுண்ட் ஆலிவ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1876-ல் அமெரிக்காவின் முதல் டி.வி.எம். (கால்நடை மருத்துவ டாக்டர்) பட்டம் வாங்கியவர், 1884-ல் தொடங்கிய மத்திய கால்நடைத் துறைக்கு முதல் தலைவர். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த தியோபால்ட் ஸ்மித். பெயர் மட்டும் தலைவருக்குப் போனது. எந்த ஊர் ஆபீஸிலும் நடப்பதுதான்.

என் ஆற்றாமை அதே துறையில் இருந்த ஃப்ரெட் கில்போர்ன், கூப்பர் கர்ட்டிஸ் என்ற இரண்டு கால்நடை மருத்துவர்களைப் பற்றியது.

டெக்சஸ் காய்ச்சல் ஒரு விசித்திரமான நோய். அமெரிக்காவின் தெற்கிலிருந்து ஓட்டி வந்த மாடுகள் தெம்பாக இருக்கும்; அவை மேய்ந்துபோன புல்வெளியில் மேயும் வடக்கத்தி மாடுகள் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துக் காய்ச்சல் கண்டு, சிவப்பாக மூத்திரம் போய்ச் சாகும். "உண்ணிதான் காரணம்" என்று மாட்டுக்காரர்கள் அப்போதே சொன்னார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள்.

1889-ல் வாஷிங்டன் அருகே இருந்த சோதனைப் பண்ணைக்குப் பொறுப்பு கில்போர்ன். ஒரு வயலில் உண்ணியோடு தெற்கத்தி மாடுகள், கூடவே வடக்கத்தி மாடுகள். இன்னொன்றில் தெற்கத்தி மாடுகளின் உண்ணிகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு மேய விட்டார்கள். மூன்றாவதில் தெற்கத்தி மாடே கிடையாது, புல்லில் உண்ணியை மட்டும் தூவினார்கள். உண்ணி இருந்த இடங்களில் நோய் வந்தது. பிடுங்கிய வயலில் வரவில்லை. ஸ்மித்தின் நுண்ணோக்கி சிவப்பணுவுக்குள் இந்தக் காய்ச்சலின் கிருமியைக் காட்டியது உண்மை. ஆனால் கேள்வியை முடித்துவைத்தது அந்த வேலி போட்ட வயல்கள்தான்.

நோய் வர ஆகும் அந்தத் தாமதத்துக்கும் காரணம் உண்டு. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கிருமி முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும். குஞ்சு பொரிந்து, புல்லேறி, அடுத்த மாட்டைப் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். இந்த வாழ்க்கைச் சுற்றைத் துலக்கியவர் கர்ட்டிஸ். 1893-ல் வந்த அறிக்கையின் முகப்பில் ஸ்மித், கில்போர்ன் இருவர் பெயர்தான். கர்ட்டிஸ் பெயர் இல்லை. ராஸ் செகந்திராபாத்தில் மலேரியாக் கொசுவைப் பிடித்தது இதற்கு நாலு வருஷம் பிந்தி. அவரை நாம் பள்ளியில் படித்தோம்.

1906-ல் உண்ணி ஒழிப்பு தொடங்கியது. மாட்டை முழுக்காட்ட ஊருக்கு ஊர் குறுகலான ஆழ்தொட்டி. 500 கேலன் தண்ணீருக்கு வெள்ளைப் பாஷாணம் (ஆர்சனிக்) 8 பவுண்டு, சலவைச் சோடா 24 பவுண்டு, பைன் தார் ஒரு கேலன். 14 நாளுக்கு ஒரு முழுக்கு. இந்த உண்ணி மூன்று வாரம் ஒரே மாட்டில் வளர்ந்துதான் விழும், அதற்குள் மருந்து ஒருமுறையாவது அதைத் தொட்டுவிட வேண்டும் என்பதே கணக்கு. ஒரு தவணை தவறினால் முட்டை மண்ணில். தண்ணீர் ஆவியானால் மருந்து காரமேறித் தோல் வெந்துபோகும், மழை பெய்தால் நீர்த்துவிடும். தாகத்தோடு வந்த மாடு தொட்டியிலேயே குடித்துவிடும்; அதனால் முதலில் வயிறு நிறையத் தண்ணீர் காட்ட வேண்டும்.

நாலு மாடு வைத்திருந்த சிறு விவசாயிக்கு இரண்டு வாரத்துக்கொருமுறை ஒரு நாள் பிழைப்பு போனது. சந்தை லாபம் பெரும்பாலும் பெரிய மந்தைக்காரருக்கு. சில இடங்களில் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவர்களை முட்டாள் என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ஃபுளோரிடாவில் மட்டும் 3,000-க்கு மேல் தொட்டிகள் இருந்தன. பழைய தொட்டியடி மண்ணில் பாஷாணம் இன்றும் கிடக்கிறது.

1943-ல் வேலை பெரும்பாலும் முடிந்தது. ரியோ கிராண்டே கரையில் மட்டும் அரசுக் காவலர்கள் இன்றும் குதிரையில் சுற்றி, மெக்சிகோவிலிருந்து ஆறு தாண்டி வரும் மாட்டைப் பிடித்து, தொடையிடுக்கிலும் மடியிலும் கைவிட்டு உண்ணி தேடுகிறார்கள்.